பஸ்ஸிலிருந்து இறங்கியவர்

குவைத்தை ஈராக் பிடித்துக்கொண்டது என்ற செய்தி எங்கள் லைன் வீட்டுக்கு வந்தபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஓட்டு வீடுகள். நடுவில் ஒரு பொதுக் குழாய். அங்கே இரண்டு பெண்களின் புருஷன்மார் குவைத்தில் இருந்தார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி எதிர் வீட்டுக்காரி. இரண்டு ஆண்களும் ஒரே ஏஜென்ட் மூலம், ஒரே ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து விமானம் ஏறியவர்கள். அவளுடைய வீட்டுக்காரர் அங்கே ஏசி ரிப்பேர் கடையில் வேலை செய்தார். என்னுடையவர் ஒரு குவைத்திக் குடும்பத்தில் வீட்டு டிரைவர்.

எனக்குப் பொறாமை அந்தச் சண்டைக்கு முன்பே இருந்தது. அப்போதெல்லாம் கடிதத்தைவிடக் கேசட்தான் சௌகரியம். பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். டேப்ரிக்கார்டரில் போட்டால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். எதிர் வீட்டுக்காரர் தன் கேசட்டில் பாதி நேரம் அழுவார், மீதி நேரம் பாடுவார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். என் வீட்டுக் கேசட்டைக் கதவை அகலத் திறந்து வைத்தே கேட்கலாம். முழுக்க அந்த வீட்டுக் கதைதான்.

"அந்தம்மா பள்ளிக்கோடத்துல டீச்சரு அம்மணி. அவங்கப்பன் படுத்த படுக்கை. நாந்தான் தூக்கி உக்கார வெக்கறேன். அவங்க பாப்பாளுக்கு நம்ம பாப்பா வயசுதான். கைக்கொழந்த ஒண்ணு இருக்குது, வண்டில ஏறுனாத்தான் அழுவாச்சி நிக்குது."

என்னை அவர் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் மகளைக் கண்ணு என்பார். ஒரு கேசட்டில் திடீரென்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. "கண்ணு, சாப்ட்டியா?" என்றது. பின்னால் இவர் சிரிக்கிற சத்தம். "பாரு அம்மணி, தமிழு பேசுது!" என்றார். என் மகள் டேப்பைப் பார்த்து, "அது யாரும்மா?" என்று கேட்டாள். நான் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டேன். கண்ணு என்ற சொல்லை அந்தக் குழந்தை எங்கிருந்து கற்றிருக்கும்? இவர் தினமும் அதை அப்படிக் கூப்பிட்டிருந்தால்தானே?

சண்டைக்கு முந்தைய வருடம் என் மாமனார் காரமடைப் பக்கம் தோட்டத்துச் சாளை வீட்டில் இறந்துபோனார். தந்தி கொடுத்தும் இவரால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில், முதலாளி வெளிநாட்டில். கொழுந்தனார் கொள்ளி வைத்தார். அடுத்து வந்த கேசட்டில் இவர், "அப்பனுக்குச் செய்ய வேண்டியதெல்லாஞ் செஞ்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். உடனே அந்த வீட்டுப் பெரியவருக்கு முதுகில் புண் வந்ததையும், தான் மருந்து போட்டதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இவருக்குக் கல் நெஞ்சு என்று நினைத்தேன்.

சண்டைச் செய்தி வந்த பிறகு நானும் எதிர் வீட்டுக்காரியும் ஒன்றாகவே அலைந்தோம். எஸ்டிடி பூத்தில் குவைத்துக்கு லைனே கிடைக்கவில்லை. பேப்பரில் பஸ் பஸ்ஸாக நம் ஆட்கள் பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டான் போய், அங்கிருந்து விமானத்தில் பம்பாய்க்கு வருவதாகப் போட்டிருந்தார்கள். ஒருநாள் மதியம் அவள் தந்தியும் கையுமாக எங்கள் பட்டறைக்கே ஓடி வந்தாள். நான் அங்கே பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலையில் இருந்தேன். வைண்டிங் என்போம்.

"அக்கா, வாராங்க! பம்பாய் வந்துபோட்டாங்க. நாளைக்குக் கோயமுத்தூர்!"

"ரெண்டு பேருமா?"

"தந்தில ஒரு பேருதான் இருக்குது. ரெண்டு பேருக்கும் சேத்தித்தான் குடுத்திருப்பாங்க. பிரிஞ்சா வருவாங்க?"

நானும் அப்படியே நம்பினேன். மகளுக்குத் தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த பாவாடை சட்டையைப் போட்டுவிட்டேன். கோயமுத்தூர் ஸ்டேஷனில் பாதி ஊரே நின்றதுபோல் கூட்டம். பெட்டியிலிருந்து எதிர் வீட்டுக்காரர் இறங்கினார். முகம் வெயிலில் கருகி, உதடெல்லாம் வெடித்திருந்தது. கையில் ஒரே ஒரு பை. அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு கிழவர் இறங்கினார், ஒரு குடும்பம் இறங்கியது, பிறகு போர்ட்டர் ஏறினான்.

"ஏனுங்ணா, இவரு எங்கீங்க?"

"வாங்க தங்கச்சி, ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"இங்கயே சொல்லுங்க."

பெஞ்சில் உட்கார்ந்தார். என் மகள் தலையில் கை வைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பஸ்ஸு ஏறுனோமுங்க. ஒரு பள்ளிக்கோடத்து மைதானத்துல நம்மாளுக அத்தன பேரும் நின்னோம். நாந்தான் எடம் புடிச்சு அவன உக்கார வெச்சேன். பையி மடில இருந்துச்சு. பஸ்ஸு கெளம்ப நேரமாச்சு. அவன் வெளிய பாத்துட்டே இருந்தான். 'அந்தப் பெரியவர ஆரு திருப்பிப் படுக்க வெப்பாங்க'ன்னான். 'அவங்க சொந்தக்காரங்க பாத்துக்குவாங்கடா'ன்னேன். 'சொந்தக்காரங்க எல்லாம் எல்லை தாண்டிப் போயாச்சு, மொதலாளியும் வெளிநாட்டுலயே மாட்டிக்கிட்டாரு'ன்னான். அப்பறம் எந்திரிச்சானுங்க. சட்டையப் புடிச்சு இழுத்தேன். பொத்தான் பிஞ்சு எங் கையில வந்துருச்சு. அவன் எறங்கிப்போட்டான்."

"தண்ணி குடிக்க எறங்கியிருப்பாருங்க. பஸ்ஸு விட்டுட்டுப் போயிருக்கும்."

"இல்லீங்க தங்கச்சி. சொல்லீட்டுத்தான் போனான். 'அம்மணிகிட்ட வாரேன்னு சொல்லு'ன்னான்."

"எப்ப வாராராம்?"

"அதச் சொல்லலீங்க."

செத்துப்போனார் என்று சொல்லியிருந்தால் விழுந்து புரண்டு அழுதிருப்பேன். சிறையில் இருக்கிறார் என்றால் கோயிலுக்கு வேண்டியிருப்பேன். ஏறி உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வருகிற பஸ்ஸிலிருந்து தானாக இறங்கிப் போனவருக்கு என்ன செய்வது? அன்றைக்கு ஸ்டேஷனில் எனக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறொன்று. அதற்குப் பெயர் பொறாமை என்று எனக்கு உடனே தெரிந்தது.

முதலில் எதிர் வீட்டைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். அவர்கள் வீட்டில் குக்கர் விசில் சத்தம் கேட்டால்கூட எரிந்தது. சாயங்காலமானால் இரண்டு பேரும் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்வார்கள். ஒரு ஆண்பிள்ளை கீரை ஆய்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. கதவைச் சாத்திக்கொள்வேன். குழாயில் அவள் தண்ணீர் பிடிக்கிற நேரத்தை விட்டுவிட்டு வேறு நேரத்தில் போவேன். அவர் தன் மகனைச் சைக்கிளில் முன்னால் வைத்து ஓட்டிப் போனால் என் மகள் தெருமுனை வரை பின்னால் ஓடுவாள். அவரும் இவளைப் பின்னால் ஏற்றிக்கொள்வார். நல்ல மனுஷன்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அந்தப் பொறாமை கடல் தாண்டிப் போனது. ஒருநாள் எதிர் வீட்டுக்காரர் தனியாக நிற்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஏனுங்ணா, அந்தம்மா எப்படி இருப்பாங்க?"

"எந்தம்மாங்க?"

"அவரு வேல செய்யற ஊட்டு அம்மா."

அவர் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அது எதுக்குங்க தங்கச்சி?"

"சும்மா சொல்லுங்க."

"நல்லா இருப்பாங்க. உசரமா இருப்பாங்க. வேறென்னங்க சொல்றது?"

உயரம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு பெண்ணையே செய்துகொண்டேன். உயரமாக, சிவப்பாக, நீளமான விரல்களோடு. காரின் பின்சீட்டில் உட்கார்ந்து இவரிடம் ஏதோ சொல்கிறாள், இவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறார். மோட்டாரின் ஸ்டேட்டர் பள்ளங்களுக்குள் செம்புக் கம்பியை அமுக்கும்போதெல்லாம் அவளைத்தான் அமுக்கினேன். பட்டறையில் மற்றப் பெண்கள் ஜாடையாகப் பேசினார்கள். "ரெண்டு கொழந்தயும் வயசானவருமா தனியா நிக்கற பொம்பளைக்காகத் தங்கீட்டாராமா" என்று ஒருத்தி இழுத்தாள். நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க, அதுக்கென்ன இப்போ?" என்றேன். அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் பேசவில்லை.

ஜனவரியில் குண்டு போட ஆரம்பித்தார்கள். பட்டறை முதலாளி வீட்டு டிவியில் செய்தி ஓடும்போது என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பச்சை வெளிச்சம் மேலே போகும், கீழே விழும். கட்டடம் எது, தெரு எது என்று ஒன்றும் தெரியாது. சாக வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். அதே மூச்சில், உயிரோடு வந்தால் பேசக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன். பயமும் கோபமும் ஒன்றாக வந்தால் எதையும் முழுசாகச் செய்ய முடிவதில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதே மறந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டுக்காரி குழாயடியில் என்னை மடக்கினாள்.

"எம் மேல என்ன கோவங்க்கா? மூஞ்சியத் திருப்பீட்டே போறீங்க."

"கோவமெல்லாம் இல்ல."

"அவரு சரியாத் தூங்கறதே இல்லைங்க்கா. கூட்டாளிய விட்டுப்போட்டு வந்துட்டனேன்னு பொலம்பறாரு. உங்க ஊட்டுக்காரரு ஆருக்கோசரமோ அங்க நிக்கறாரு. இவரு ஆரப் பத்தியும் நெனைக்காம வந்துபோட்டாரு. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு உங்களப் பாத்தாப் பொறாமையா இருக்குது."

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. "அப்படீங்களா? வேணும்னா மாத்திக்கலாங்க" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அத்தனை மாதத்தில் நான் சிரித்தது அதுதான். அதற்கப்புறம் அவளோடு பேச ஆரம்பித்தேன். அவள் மேலிருந்த பொறாமையும் குவைத்து அம்மாவின் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது.

சண்டை முடிந்து, எண்ணெய்க் கிணறுகள் எரிகின்றன என்று பேப்பரில் வந்து, அதுவும் பழசான பிறகு, ஒரு கோடைகாலக் காலையில் அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல். மற்றப் பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். "அக்கா, அக்கா" என்றார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பாதி ஆளாக இருந்தார். காதோரம் நரைத்திருந்தது. இருமினார். ஓடிப் போக வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் கையிலிருந்த கம்பிக் காயிலைச் சுற்றி முடித்து, நூல் கட்டி, ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அதுவரை அவர் வெயிலிலேயே நின்றார். நிற்கட்டும் என்றிருந்தது.

"வந்துட்டேன் அம்மணி" என்றார்.

"தெரியுது" என்றேன்.

மகள் முதல் நாள் அவரிடம் போகவில்லை. என் சேலைக்குப் பின்னாலிருந்தே பார்த்தாள். எப்படியோ அடுத்த நாளே மடியில் ஏறிவிட்டாள். எனக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. அவரை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் மறைக்காமல் சொன்னார். பட்டாளத்துக்காரர்கள் வீடு வீடாக நுழைந்தபோது வாசலில் நின்று, உள்ளே காசநோயாளி கிடக்கிறார் என்று அரபியில் பொய் சொல்லி, தானும் இருமிக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ரொட்டிக்கு வரிசையில் நின்றிருக்கிறார். காரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியவர் சண்டை முடிவதற்கு முன்பே இறந்துவிட்டார். தெருவில் வயசு ஆண்களே இல்லை. பாதிப் பேர் ஓடிவிட்டார்கள், மீதிப் பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சிய இரண்டு கிழவர்களோடு சேர்ந்து இவர்தான் உடலைத் தூக்கிப் போயிருக்கிறார்.

"குழிக்குள்ள நாந்தான் எறங்கி வாங்குனேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் போன விதத்தில், காரமடைச் சாளையில் கிடந்த என் மாமனாரை நினைத்துக்கொண்டேன். அவரும் தன் அப்பாவைத்தான் நினைத்தார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தம்மா அழுதாங்களா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீ என்ன நெனைக்கறேன்னு எனக்குத் தெரியும் அம்மணி. அப்படி ஒண்ணும் கெடையாது."

"தெரியுமுங்க."

நிஜமாகவே தெரியும். அப்படி ஒன்று இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்திருப்பேன். இது வேறு. அந்தக் கைக்குழந்தைக்கு எப்போது பசிக்கும் என்று இவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு இருட்டென்றால் பயம் என்று தெரியும். என் மகளுக்கு அம்மை போட்டது தெரியாது. எனக்கு விரல் நுனியெல்லாம் கம்பி வெட்டிக் காய்த்துப்போனது தெரியாது. ஒரு குடும்பத்தின் அன்றாடத்தையே அவர் முழுசாக வாழ்ந்துவிட்டு வந்திருந்தார். அது என் குடும்பம் இல்லை. என் பொறாமையெல்லாம் அந்த அன்றாடத்தின் மேல்தான்.

சில மாதம் கழித்து குவைத்திலிருந்து பட்டறை முதலாளி வீட்டுக்கு போன் வந்தது. குவைத் வீட்டு முதலாளி பேசினார். விசா தயார், திரும்பி வா என்றார். போனை வைத்துவிட்டு இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"போலாமா வேண்டாமா, நீயே சொல்லு."

"பஸ்ஸுல இருந்து எறங்கறப்ப என்னக் கேட்டீங்களா? இதையும் நீங்களே பாத்துக்குங்க."

அவர் போகவில்லை. இருமல் போகட்டும் என்றார். இருமல் போன பிறகும் போகவில்லை. ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேன் ஓட்டப் போனார். எதிர் வீட்டுக்காரர் மறுபடி குவைத்துக்குப் போய்விட்டார். அவர்கள் வீட்டு வாசலில் கீரை ஆய்கிற ஆளில்லை. இப்போது அவள் தனியாக, நான் புருஷனோடு. அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டிய நான், ரம்ஜான் மாதம் வந்தால் அந்தம்மா குவைத்திலிருந்து யாரிடமாவது கொடுத்தனுப்புகிற பேரீச்சம்பழ டப்பாவைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். பிரித்துக் கொடுத்தால் தின்னமாட்டேன். மகள் முழுசையும் தின்பாள்.

இப்படிப் பல வருடம் போனது. மகள் இங்கிலீஷ் மீடியத்தில் ஏழாவது படிக்கும்போது, இவர் மில்லிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னார், "அந்தம்மா கோயமுத்தூர் வாராங்களாம்."

முதுகு வலிக்கு எண்ணெய் வைத்தியம் பார்க்க இங்கே ஒரு வைத்தியசாலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவது வழக்கம். அந்தம்மாவும் மகளும் அங்கே தங்கியிருந்தார்கள். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டேன். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டேன். இவர், "ஆசுபத்திரிக்குப் பட்டா?" என்றார். குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்றை எதிர் வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அறைக்கதவு திறந்தது. எண்ணெய் வாசனை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எழுந்து நின்றாள். குள்ளமாக, உருண்டையாக, மூக்குக்கண்ணாடி போட்டு, தலையில் கறுப்புத் துணி சுற்றியிருந்தாள். என் தோளுக்குத்தான் வந்தாள். எதிர் வீட்டுக்காரர் அவளைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டதற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொல்லியிருக்கிறார். அத்தனை வருடமும் நான் யார் மேலோ பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மணி" என்றாள்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். "அதுதான் உம் பேருன்னு நெனைச்சுட்டு இருக்காங்க" என்றார், வெட்கத்தோடு.

அவளுடைய மகள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் அரபியில் படபடவென்று பேசினாள். இவரும் பேசினார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். "என்னங்க சிரிப்பு?" என்று கேட்டேன். "காரு ஒருநாள் மணல்ல சிக்கிக்கிச்சு, அதச் சொல்றா" என்றார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து, "அந்தப் பிள்ளையக் கூட்டீட்டுப் போயி எதாச்சும் வாங்கிக் குடுங்க" என்று இவரை வெளியே அனுப்பினேன். அந்தம்மா இங்கிலீஷ் டீச்சர். என் மகளுக்கும் இங்கிலீஷ் தெரியும். இவர் மொழிபெயர்த்தால் எனக்கு நம்பிக்கை வராது.

"அன்னைக்குப் பஸ்ஸுல ஏறுனவரு ஏன் எறங்குனாருன்னு கேளு" என்றேன்.

மகள் கேட்டாள். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். மகள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அவங்கதான் பாஸ்போர்ட்டை எடுத்துக் குடுத்தாங்களாம். முட்டை அவிச்சு, ரொட்டி கட்டி, அவங்களே கார்ல கொண்டு போயி மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவுல விட்டாங்களாம். போயிரு, உனக்குக் குழந்தை இருக்குன்னு சொன்னாங்களாம். சாயங்காலம் அப்பா நடந்தே திரும்பி வந்துட்டாராம். இவங்களுக்குக் கோவமான கோவமாம். கதவைச் சாத்திட்டாங்களாம்."

"கதவச் சாத்துனாங்களா?"

"ஆமாம்மா. உள்ள இருந்துட்டே கத்துனாங்களாம், உனக்குப் பொண்ணு இல்லையா, அவ காத்துட்டு இருக்க மாட்டாளான்னு."

சொல்லிக்கொண்டே வந்த என் மகள் அங்கே நிறுத்தினாள். அந்தப் பொண்ணு தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லாமலேயே, தானாக, அந்தம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள்.

"என்ன கேட்ட?"

"அதுக்கு அப்பா என்ன சொன்னாருன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாராம்?"

"'அங்க அம்மணி இருக்கா. இங்க யாருமில்ல'ன்னாராம்."

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் வீட்டுக்குள்ளே அவளுடைய அப்பா புரண்டு படுக்க முடியாமல் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தக் குரல் கேட்டதும் அவள் கதவைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

என்னை நம்பித்தான் இறங்கினார் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். எதிர் வீட்டுக்காரியிடம் சொன்னபோது அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். என்னால் அப்படி முழுசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கெட்டிக்காரி என்று பெயரெடுத்தால் யாரும் திரும்பி வந்து பார்க்கமாட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அந்தம்மாவின் மேல் கோபப்பட இனி எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவள் அனுப்பிவிட்டாள். கதவைக்கூடச் சாத்தினாள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சாத்தியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். படுக்கையில் அப்பா, இடுப்பில் குழந்தை, தெருவில் துப்பாக்கியோடு ஆட்கள். திரும்பி வந்தவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருப்பேன்.

கிளம்புகிற நேரத்தில் அந்தம்மா சிரித்துக்கொண்டே, "அரிசிம்பருப்பு" என்றாள். ஸ்பஷ்டமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் பக்கத்துச் சாப்பாடு. மகள் விசாரித்துச் சொன்னாள். கடைகளில் ஒன்றும் கிடைக்காத அந்த மாதங்களில், சமையல்காரியும் போய்விட்ட பிறகு, இவர்தான் அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு ஆக்கியிருக்கிறார். வாரம் முழுக்க அதையேதான் எல்லோரும் தின்றிருக்கிறார்கள். பெரியவருக்குக் குழையக் குழைய வைத்து ஊட்டியிருக்கிறார். இப்போதும் அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அதைச் செய்கிறார்களாம். பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இவர் அடுப்படிக்குள் வந்து டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் எதிர் வீட்டிலிருந்து கஞ்சி வரும். இவர் கையால் ஆக்கிய சோறு எப்படி இருக்கும் என்று ஏதோ ஒரு நாட்டில் நாலு பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. ஓய்ந்துவிட்டது என்று நினைத்த பொறாமை துடியலூர் தாண்டுவதற்குள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒடம்புக்கு என்ன அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க. இன்னைக்கு நீங்க ஆக்குங்க. அரிசிம்பருப்பு."

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். சின்ன வெங்காயம் உரிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்து அவள் சிரித்தாள். சீரகமும் பூண்டும் பொரிகிற வாசனை வந்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பட்டறையில் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற முதலாளியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேருக்கும் தட்டு வைத்துப் பரிமாறினார். அடி கொஞ்சம் பிடித்திருந்தது. மற்றபடி நன்றாகவே இருந்தது. நான் ஆக்குவதைவிட நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். அவரிடம் சொல்லவில்லை.

"அங்கயும் இதே மாதிரித்தானுங்களா?"

"அங்க ஏது வெங்காயம்? அந்த மாசமெல்லாம் கண்ணுலயே காங்கல."

"கறிவேப்பிலை?"

"அதுமில்ல."

"நெய்யி ஊத்துனீங்களா?"

"நெய்யெல்லாம் ஏது அம்மணி? அரிசி, பருப்பு, உப்பு. அவ்வளவுதான்."

வெங்காயமும் இல்லை, நெய்யும் இல்லை. வெறும் அரிசியும் பருப்பும். நான் நெய்க் கிண்ணத்தை என் பக்கம் இழுத்து, நிறைய ஊற்றிக்கொண்டேன்.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டினேன்.